முன்கூட்டிச் சொல்வதும் ஒரு சாய்தளம்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் செக் நாட்டின் பிராக் நகரில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை, அருங்காட்சியகம் என்பதற்குப் புதிய வரையறை ஒன்றை ஏற்றுக்கொண்டபோது, அது பொதுமக்களுக்குத் திறந்ததாகவும் எளிதில் அணுகத்தக்கதாகவும் அனைவரையும் உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும் என்பதை அந்த வரையறைக்குள்ளேயே சேர்த்தது. அணுகத்தக்கது என்றதும் கட்டடப் பொறியாளரின் நினைவுக்கு முதலில் வருவது சக்கர நாற்காலிக்கான சாய்தளம். அடுத்து மின்தூக்கி, பிரெய்ல் பலகை. இவை இன்றியமையாதவை, பல ஊர்களில் இவைகூட இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. ஆயினும், படியேறக் காலில் வலுவும் பலகையைப் படிக்கக் கண்ணில் பார்வையும் உள்ள ஒருவர், கூடத்துக்குள் நுழைந்த சில நிமிடங்களில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வெளியேற நேர்கிறது என்றால், அவரைத் திருப்பி அனுப்பியவை கூடத்தின் எதிரொலி, விளக்கின் துடிப்பு, பினாயில் நெடி, அடுத்த வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாத கலக்கம் ஆகியவையே. இத்தகைய பார்வையாளரை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு இதுவரை பெற்றோரின் தோள்மீது மட்டுமே ஏற்றப்பட்டு வந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி அருங்காட்சியகத்தின் கடமை என்பதும், பெருஞ்செலவு இல்லாமல் அதைத் தொடங்க முடியும் என்பதும் உரக்கச் சொல்லப்பட வேண்டியவை.

இத்தகைய பார்வையாளருக்கு உள்ள புலன் கூருணர்வு என்பது என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கண், காது, மூக்கு, தோல் வழியாக மூளைக்கு ஓயாமல் வந்து குவியும் செய்திகளில் தேவையானதை முன்னிறுத்தி மற்றதைப் பின்னுக்குத் தள்ளும் வேலையை, பெரும்பாலோருடைய மூளை அவர்கள் அறியாமலேயே செய்துவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போதும் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் சொல்வதைக் கேட்க முடிவது இந்த வடிகட்டலால்தான். இவ்வடிகட்டல் வேறு விதமாக இயங்குவோருக்கு மேளமும் பேச்சும் மின்விசிறியின் கிறீச்சொலியும் பட்டுச்சேலையின் உரசலும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. இன்னும் சிலருக்கு நிலைமை நேர்மாறானது. சாதாரண அளவிலான தூண்டல் அவர்களுக்குப் போதாமல், சுவரைத் தடவியும் குதித்தும் சுழன்றும் கூடுதல் தூண்டலைத் தேடுகிறார்கள். முன்னதை மிகையுணர்வு என்றும் பின்னதைக் குறையுணர்வு என்றும் குறிக்கலாம். ஒரே ஆளிடம் ஒலிக்கு மிகையுணர்வும் தொடுதலுக்குக் குறையுணர்வும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளரான ஏ. ஜீன் ஏர்ஸ் 1972இல் வெளியிட்ட நூலில், ஐம்புலன்களோடு உடலின் சமநிலையை உணர்த்தும் உட்காதுப் புலனையும், கைகால்கள் எந்த நிலையில் உள்ளன என்பதைத் தசைகளும் மூட்டுகளும் உணர்த்தும் புலனையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தார். குழந்தைகளுக்கு ஓ.டி. என்று பெற்றோர் சுருக்கமாகச் சொல்லும் ஆக்குபேஷனல் தெரபியின் ஒரு பெரிய பிரிவு அவருடைய சிந்தனையிலிருந்து கிளைத்ததே.

ஆட்டிசம் உள்ளோரிடம் இக்கூருணர்வு மிகப் பரவலாகக் காணப்படுகிறது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலேயே, தூசி உறிஞ்சும் கருவி, மின்தூக்கி, குழாயில் ஓடும் நீர் முதலியவற்றின் ஓசைக்கு அக்குழந்தைகளில் சிலர் பேரச்சம் கொண்டதைப் பதிவு செய்திருக்கிறார். அவ்வளவு தொடக்கத்திலேயே கண்ணில் பட்ட இச்செய்தி, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளக் கூறுகளுள் ஒன்றாக இடம்பெற்றது 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான். இடைப்பட்ட 70 ஆண்டுகளில் எத்தனையோ குழந்தைகளின் வலி, அடம் என்றும் வளர்ப்புக் குறை என்றும் தவறாகப் படிக்கப்பட்டது. அந்தப் பழக்கம் கடைத்தெருவிலும் பேருந்திலும் இன்னும் மறையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். இவர்களோடு, ஒற்றைத் தலைவலிக்காரர், தலைக்காயத்திலிருந்து மீண்டு வருபவர், மறதிநோய் உள்ள முதியவர், போரையோ வன்முறையையோ கண்டு மனக்காயம் அடைந்தவர், எல்லா ஒலியையும் கூட்டிக் காட்டும் காதுக்கருவி அணிந்தவர் ஆகியோரையும் சேர்த்துப் பார்த்தால், இது ஒரு சிறு குழுவின் தேவை என்று ஒதுக்கிவிட முடியாது.

அருங்காட்சியகக் கட்டடங்களின் இயல்பே இவர்களுக்குச் சிக்கலானது. இதில் வரலாற்றுப் பொருத்தம் ஒன்றும் உண்டு: கட்டட ஒலியியல் என்னும் அறிவுத்துறை பிறந்ததே ஓர் அருங்காட்சியகத்தின் குறையிலிருந்துதான். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதன் விரிவுரைக் கூடத்தில் பேசுபவரின் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் விளங்காமல் போயிற்று. காரணத்தைக் கண்டறியப் பணிக்கப்பட்ட இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன், அக்கூடத்தில் எழுப்பப்பட்ட ஓர் ஒலி முற்றிலும் அடங்க ஏறத்தாழ ஐந்தரை வினாடிகள் ஆகின்றன என்பதைக் கண்டார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, மெத்தைகள் கூடக்கூட ஒலி விரைந்து அடங்குவதை அளந்து காட்டினார். எதிர்முழக்க நேரம் என்று இன்று எல்லாக் கட்டடக் கலைஞரும் கணக்கிடும் அளவை அந்த இரவுகளில் உருவானது. உயர்ந்த கூரை, பளிங்குத் தரை, கண்ணாடிப் பெட்டி, வெற்றுச் சுவர் ஆகிய நான்கும் சேர்ந்த எந்தக் கூடத்திலும், 40 மாணவர் ஒரே நேரத்தில் பேசினால் அப்பேச்சு சுவர்களில் பட்டுப் பட்டுப் பெருகும் என்பது ஊகம் இல்லை, இயற்பியல்.

ஒளியின் கதை வேறு. ஓவியம், துணி, ஓலைச்சுவடி போன்ற பொருள்கள் மிகுந்த வெளிச்சத்தில் சிதைவடையும் என்பதால் அவற்றுக்கு 50 லக்ஸ் என்ற மங்கலான அளவே பாதுகாப்பானது என்று காப்பியலாளர்கள் வகுத்துள்ளனர். வெயிலில் நின்றுவிட்டு அத்தகைய அறைக்குள் நுழைபவருக்குக் கண் பழக நேரம் பிடிக்கும். கூருணர்வு உள்ளவருக்கு அந்த இடைவெளியே அச்சத்தைத் தரும். பழைய வகைச் சோக்கு பொருத்திய குழல்விளக்கு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. பெரும்பாலோர் கண்ணுக்குத் தெரியாத அத்துடிப்பு சிலருக்குத் தலைவலியையும் எரிச்சலையும் உண்டாக்கும். விலங்கியல் பிரிவுகளில் பதப்படுத்தும் திரவங்களின் நெடி, துணிகளும் இறகுகளும் வைத்த அலமாரிகளில் அந்துருண்டை வாசனை, துடைத்த தரையில் பினாயில் என்று மூக்கையும் அருங்காட்சியகம் விட்டுவைப்பதில்லை.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை எடுத்துக்கொண்டால் பிரச்சினையின் அளவும் வாய்ப்பின் அளவும் ஒருசேர விளங்கும். 1851இல் நிறுவப்பட்ட அது, கொல்கத்தாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம். ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்கள் பரந்து கிடக்கின்றன. அமராவதிச் சிற்பங்கள், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் திருவாலங்காட்டு நடராசரும் உள்ள படிமக் கூடம், திமிங்கில எலும்புக்கூடு, ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909இல் திறக்கப்பட்ட செந்நிற மண்டபம் என்று ஒரே வளாகத்தில் இவ்வளவு வேறுபட்ட அனுபவங்களைத் தரும் இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. பழைய சென்னைவாசிகள் இதனைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குகள் இருந்த பூங்காவை ‘உயிர் காலேஜ்’ என்றும் உரிமையோடு அழைத்தார்கள். இரண்டுக்கும் வித்திட்டவர் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர். 1850களில் அவர் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிர்விலங்குகளையும் சேர்த்தபோது, படித்தவர் மட்டுமின்றி எளிய மக்களும் பெருந்திரளாக வந்தனர். வராதவரை வரவழைப்பதற்காகத் தன்னை மாற்றிக்கொள்வது இந்த நிறுவனத்துக்குப் புதிதன்று.

ஆயத்தத்தின் முதற்படி, வீட்டிலேயே படித்துப் பார்க்கக்கூடிய ஒரு சிறு கையேடு. சமூகக் கதை என்று இதற்குப் பெயர். அமெரிக்க ஆசிரியரான கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இம்முறையில், குழந்தை சந்திக்கப்போகும் ஒரு சூழல், எளிய வாக்கியங்களிலும் படங்களிலும், நடக்கும் வரிசையிலேயே விவரிக்கப்படுகிறது. இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஏவும் வாக்கியங்களைக் காட்டிலும் உள்ளதை உள்ளபடி சொல்லும் வாக்கியங்களே மிகுந்திருக்க வேண்டும் என்பது கிரே வகுத்த விதி. ஓர் அருங்காட்சியகத்துக்கான கையேடு இவ்வாறு செல்லலாம்: “வாசலில் காவலர் ஒருவர் நிற்பார். அவர் பையைத் திறந்து பார்ப்பார். பார்த்து முடித்ததும் பையைத் திருப்பித் தருவார். சீட்டு வாங்கும் இடத்தில் வரிசை இருக்கலாம். முதல் அறை பெரியது. அங்கே பேசினால் சத்தம் திரும்பக் கேட்கும். சில பொருள்கள் கண்ணாடிக்குள் இருக்கும். சிலவற்றுக்குக் கண்ணாடி இருக்காது. ஆனாலும் அவற்றைத் தொடுவதில்லை, தொட்டால் அவை தேய்ந்துபோகும். சத்தம் பிடிக்கவில்லை என்றால் வெளியே வரலாம். வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு மறுபடியும் உள்ளே போகலாம்.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அந்த இடத்தின் உண்மையான நிழற்படம் இருக்க வேண்டும். அழகுக்காக எடுத்த படம் இங்கே உதவாது. பார்வையாளரின் கண் உயரத்திலிருந்து, அவர் உண்மையில் காணப்போகும் கோணத்தில், கூட்டமுள்ள நாளில் எடுத்த படமே உதவும்.

இக்கையேட்டை எழுதுவோர் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தங்கள் நிறுவனத்தைப் பற்றி நல்லதை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற இயல்பான ஆசையால், ‘இங்கே எல்லாமே மகிழ்ச்சியாக இருக்கும்’ என்று எழுதிவிடுகிறார்கள். மிகையுணர்வு உள்ள குழந்தைக்கு அந்த வாக்கியம் ஒரு பொய். அதை நம்பி வந்து எதிரொலியில் சிக்கிய பிறகு, அக்குழந்தை கையேட்டையும் நம்பாது, அதைப் படித்துக் காட்டிய தாயையும் நம்பாது. கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் திடீரென்று இரைச்சலிடும் என்றால் அதை எழுத வேண்டும். எலும்புக்கூடு அறையில் அச்சம் தோன்றலாம் என்றால் அதையும் எழுதி, அந்த அறைக்குப் போகாமலேயே அடுத்த கூடத்துக்குச் செல்லும் வழியையும் சொல்ல வேண்டும். சமூகக் கதைகள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவில் பயன்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயன்படுபவை பெரும்பாலும் அந்தந்தக் குழந்தையின் அச்சத்தையும் விருப்பத்தையும் அறிந்து திருத்தப்பட்டவை. ஆகவே அருங்காட்சியகம் தரும் கையேடு, பெற்றோரும் சிறப்பாசிரியரும் தம் பிள்ளைக்கு ஏற்ப வெட்டவும் சேர்க்கவும் கூடியதாக, அச்சிலும் கைப்பேசியிலும், எளிய பேச்சுத்தமிழுக்கு நெருங்கிய நடையில் இருப்பது சிறப்பு.

கையேட்டோடு சேர வேண்டிய மற்றொன்று புலன் வரைபடம். வழக்கமான தரைப்பட வரைபடத்தின்மீது, எந்தக் கூடத்தில் இரைச்சல் மிகுதி, எங்கே வெளிச்சம் மங்கல், எங்கே நெடி, எங்கே இடுக்கமான வழி, எங்கே உட்கார இருக்கை, எங்கே யாரும் அதிகம் வராத அமைதியான மூலை என்பவற்றை நிறத்தாலும் குறியாலும் காட்டுவதே அது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் இத்தகைய வரைபடத்தைத் தன் பார்வையாளருக்குத் தருகிறது. இதை வரைவதற்கு நிபுணர் குழு தேவையில்லை. ஒலி அளவைக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றும், கூருணர்வு உள்ள நாலைந்து பேரின் நேரமும் போதும். பின்னது முன்னதைவிட முக்கியம், ஏனெனில் டெசிபல் கணக்கில் குறைவான ஒரு சன்னமான மின்சார ரீங்காரம், உரத்த பேச்சைக் காட்டிலும் அதிகமாக வாட்டுவதுண்டு. அதைக் கருவியால் சொல்ல முடியாது, அனுபவிப்பவரால்தான் முடியும். அவர்களுடைய நேரத்துக்கு உரிய ஊதியமும் தரப்பட வேண்டும்.

வரைபடம் இடத்தைச் சொல்லும்; காலத்தையும் யாராவது சொல்ல வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்ற ஒரு செய்தியைத் தெரியாமல் போய், பூட்டிய வாசலில் நிற்கும் ஏமாற்றம் பிறருக்கு ஒரு மணி நேர வீணடிப்பு மட்டுமே. ஒரு வாரமாக அந்த நாளை எண்ணிக்கொண்டிருந்த ஆட்டிசக் குழந்தைக்கு அது அந்த நாள் முழுவதையுமே குலைத்துவிடும். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் எந்த மாதங்களில், எந்த நேரத்தில் வந்து நிற்கும், காணும் பொங்கலன்று கூட்டம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் சீட்டுக் கொடுக்கும் ஊழியருக்கு மனப்பாடம். அந்த அறிவை எழுதி வெளியிட்டாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டார் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. முதல் வருகையில் எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடுவது அவற்றுள் தலையாயது. ஒரே கூடம், ஒரே பொருள், அரை மணி நேரம் என்று திட்டமிட்டுப் போய், பிள்ளை களைப்படைவதற்கு முன்பே திரும்பிவிட்டால், அடுத்த வருகைக்கு அதுவே அடித்தளமாகும். போகும் வழி, சீட்டு, ஒரு கூடம், தின்பண்டம், வீடு என்று படங்களை வரிசையாக ஓர் அட்டையில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடும் படவரிசை அட்டையைச் சிறப்புப் பள்ளிகளில் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்; அதே அட்டை பயணத்துக்கும் பொருந்தும். ஒலி குறைக்கும் காதுமூடி, தொப்பி அல்லது குளிர்கண்ணாடி, கையில் பிசைந்துகொண்டிருக்க ஒரு ரப்பர் பந்து, பழகிய தின்பண்டம், உட்புறச் சீட்டைக் கத்தரித்த, துவைத்துப் பழகிய மாற்றுச் சட்டை ஆகியவை பையில் இருந்தால் பல இடர்கள் தோன்றாமலேயே போகும். தின்பண்டத்தை உள்ளே அனுமதிக்காத இடங்களில் எங்கே உண்ணலாம் என்பதை முன்பே தெரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் பசியை உணர்ந்து சொல்லும் உட்புலனே சிலருக்கு மங்கலாக இருக்கும். பசி முற்றிய பிறகு அது கோபமாகவே வெளிப்படும்.

பிள்ளையின் விருப்பத்திலிருந்து தொடங்குவது இன்னொரு நல்ல வழி. ஆட்டிசம் உள்ளவர் பலரிடம் ஏதேனும் ஒரு துறையில் ஆழ்ந்த ஈடுபாடு இருக்கும்; ரயில் அவற்றுள் பரவலாகக் காணப்படும் ஒன்று. நியூயார்க் போக்குவரத்து அருங்காட்சியகம் இந்த ஈடுபாட்டையே மையமாக வைத்து, ரயிலை நேசிக்கும் ஆட்டிசக் குழந்தைகள் ஒன்றுகூடிப் புதிர்களை விடுவிக்கும் மாலைநேர வகுப்பை நடத்துகிறது. சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வளாகத்தில் 2002இல் தொடங்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்துக்கு அதே வாய்ப்பு உண்டு. திறந்தவெளியில் பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் நிற்கும் அந்த இடத்தில் எதிரொலித் தொல்லையும் குறைவு. முதல் அருங்காட்சியக அனுபவம் அங்கே தொடங்கி, பிறகு எழும்பூருக்கு வருவது பல குடும்பங்களுக்கு எளிதாக இருக்கும்.

எவ்வளவு ஆயத்தம் செய்தாலும் சில நாள்களில் அது போதாமல் போகும். தாங்கும் எல்லையைத் தாண்டிய தூண்டலால் குழந்தையோ பெரியவரோ கத்தி அழுவதும், தரையில் விழுவதும், தன்னைத்தானே அடித்துக்கொள்வதும் நிகழலாம். மெல்ட்டவுன் என்று பெற்றோர் வட்டத்தில் அறியப்படும் இந்நிலை, எதையோ சாதிப்பதற்காகச் செய்யும் அடத்திலிருந்து முற்றிலும் வேறானது. அடம் பிடிக்கும் குழந்தை கேட்டது கிடைத்ததும் நிறுத்தும், இக்குழந்தையால் தானாக நிறுத்த இயலாது. அந்நேரத்தில் அருகிலிருக்கும் காவலர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அக்குடும்பம் இனி ஒருமுறை அந்த வாசலை மிதிக்குமா என்பது முடிவாகிறது. அதட்டுவதும், சுற்றிக் கூட்டம் கூட விடுவதும், அனுமதியின்றித் தோளைப் பிடிப்பதும் நிலைமையை மோசமாக்கும். கூட்டத்தை விலக்கி இடம் கொடுத்து, குரலைத் தாழ்த்தி, ‘வெளியே அமைதியான இடம் இருக்கிறது, வழி காட்டட்டுமா’ என்று பெற்றோரிடம் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுக் காத்திருப்பதே போதுமான உதவி. இதைக் கற்பிக்க அரை நாள் பயிற்சி போதும். ஒப்பந்தப் பணியாளர் அடிக்கடி மாறுவதால் அப்பயிற்சியை ஆண்டுதோறும் மீண்டும் நடத்த வேண்டும். 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் அறிமுகமாகிப் பல நாடுகளுக்கும் பரவிய, பச்சை நிறத்தில் சூரியகாந்திப் பூ அச்சிட்ட கழுத்துப்பட்டை, அணிந்திருப்பவருக்கு வெளித்தெரியாத குறைபாடு ஒன்று உண்டு என்பதை ஊழியருக்குச் சொல்லாமல் சொல்கிறது. இத்தகைய அடையாளத்தை விரும்புவோர் மட்டும் அணியட்டும். அணியாதவரிடம் சான்றிதழ் கேட்கும் நிலை வந்துவிடக் கூடாது.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2011 முதல், பொதுநேரத்துக்கு முன்பாகவே வாசலைத் திறந்து, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் குடும்பங்களை வரவேற்கின்றன. புறப்படும் முன்பே அவர்களுக்குக் கையேடும் வரைபடமும் அனுப்பப்படுகின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் இதேபோன்ற காலைநேரத் திறப்பை நடத்துகின்றன. திரைகளின் ஒலி அணைக்கப்பட்டு, கூட்டம் அளவோடு நிறுத்தப்படுகிறது. எழும்பூரில் மாதம் ஒரு நாள், வழக்கமாகத் திறக்கும் 9.30 மணிக்கு முன்பாக ஒன்றரை மணி நேரம் இதற்கென ஒதுக்குவது நிர்வாகத்தால் இயலாத காரியம் அன்று. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. தனிநேரம் ஒன்று கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியில், மற்ற நேரங்களில் வருபவரிடம் ‘உங்களுக்கென்று ஒரு நாள் இருக்கிறதே, அன்று வரக் கூடாதா’ என்று கேட்கும் மனநிலை ஊழியரிடமும் பிற பார்வையாளரிடமும் எளிதில் வளர்ந்துவிடும். தனிநேரம் பழகுவதற்கான வாசலாக இருக்கலாம். அதுவே ஒதுக்குப்புறமாகிவிடக் கூடாது. கையேடு, வரைபடம், பயிற்சி பெற்ற ஊழியர், உட்கார ஓர் அமைதியான அறை ஆகிய நான்கும் எல்லா நாளும் எல்லா நேரமும் இருக்க வேண்டும் என்பதால், இரண்டில் ஒன்றைத்தான் இப்போது செய்ய முடியும் என்ற நிலை வந்தால், தனிநேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்த நான்கையும் முதலில் செய்வதே சரி.

இது சலுகை கேட்கும் பேச்சு என்று நினைப்போருக்குச் சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2007இல் இந்தியா ஏற்புறுதி செய்த மாற்றுத்திறனாளர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, அருங்காட்சியகம், நூலகம், நாடக அரங்கு முதலிய பண்பாட்டு இடங்களை அணுகும் உரிமையைப் பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. அதன் வழியில் வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தான் பட்டியலிட்ட 21 குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்து, 29ஆவது பிரிவில் பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்கும் உரிமையை அரசின் கடமையாக்குகிறது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது அச்சட்டத்துக்கே முரணானது என்றும், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரங்களை வகுக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. டெல்லி தேசிய அருங்காட்சியகம் பார்வையற்றோர் தொட்டறியும் ‘அனுபவ்’ என்னும் கூடத்தை 2015இல் அமைத்தது நல்ல தொடக்கம். புலன் கூருணர்வு உள்ளோருக்கும் அதே அக்கறை நீள வேண்டும்.

புதிய அருங்காட்சியகங்கள் எழுந்துவரும் இக்காலமே இதற்கு உரிய தருணம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டப்பட்டது. அப்பாணியின் உயிரான முற்றமும் தாழ்வாரமும், காட்சிக்கும் காட்சிக்கும் இடையே கண்ணுக்கும் காதுக்கும் ஓய்வு தரும் இடங்களாகத் தாமாகவே அமைகின்றன. மேலைநாட்டு அருங்காட்சியகங்கள் செலவு செய்து உருவாக்கும் அமைதி அறையின் பயனில் பெரும்பகுதியை மரபுக் கட்டடக் கலை இங்கே முன்பே தந்திருக்கிறது. அங்கே நிழலில் சில இருக்கைகளும், இங்கே அமைதியாக அமரலாம் என்ற ஒரு பலகையும் சேர்ந்தால் பணி பெரும்பாலும் முடிந்துவிடும். மறுபுறம், காட்சிக்கூடங்களில் பெருகிவரும் அசைபடத் திரைகளும் ஒலிபெருக்கிகளும் பழைய எழும்பூர்க் கூடங்களில் இல்லாத புதிய இரைச்சலைக் கொண்டுவருகின்றன. இரண்டு திரைகளின் ஒலி ஒரே அறையில் கலப்பது கூருணர்வு உள்ளவருக்கு வாதை. மற்றவருக்கும் இரண்டுமே விளங்குவதில்லை. புதிதாகத் திரை வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒலியைக் குறைக்கும் பொத்தானும் தமிழ் எழுத்து வரிகளும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்ப்பதற்குக் கூடுதல் செலவு மிகச் சிறிதே; பொருத்திய பிறகு மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரிது.

பழைய கட்டடத்தை மாற்ற முடியாது, காப்பு விதிகள் அனுமதிக்காது என்ற மறுப்பு வழக்கமாக எழும். அதில் உண்மை இருக்கிறது. இர்வினின் மண்டபத்தில் ஒலியுறிஞ்சும் பலகைகளை ஆணியடித்து மாட்டுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் கட்டடத்தின் எதிரொலியை அகற்ற முடியாத இடத்திலும், எதிரொலி இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியும். சொல்லப்பட்ட எதிரொலியைக் காதுமூடியோடு எதிர்கொள்ளும் குழந்தை, சொல்லப்படாத எதிரொலியில் சிக்கிய குழந்தையைப் போல் நடுங்குவதில்லை. வருபவர் சிலரே என்ற மறுப்புக்கோ பதில் எளிது: வர முடியாதவரை வாசலில் நின்று எண்ண இயலாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உலகெங்கும் புகழ்பெற்ற கட்டடங்கள் அன்றிரவு நீல விளக்கொளியில் ஒளிரவைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் அருங்காட்சியகங்கள் துறை, வரும் ஏப்ரல் 2ஆம் நாளுக்குள், எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஏதேனும் ஒரே ஒரு கட்டடத்துக்கேனும், ஆட்டிசம் உள்ள பெரியவர்களையும் பெற்றோரையும் சிறப்பாசிரியர்களையும் உடன் அமர்த்திக்கொண்டு, தமிழில் ஒரு வருகைக் கையேட்டையும் புலன் வரைபடத்தையும் ஆயத்தம் செய்து, துறையின் இணையதளத்திலும் சீட்டுக் கொடுக்கும் சாளரத்திலும் இலவசமாக வைக்க வேண்டும். மாவட்ட அருங்காட்சியகங்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குரியதை எழுதிக்கொள்ளும். அதுவரை, இப்பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், புறப்படுவதற்கு முன் அந்தந்த அருங்காட்சியகத்தைத் தொலைபேசியில் அழைத்து, எந்த நேரம் கூட்டம் குறைவு, எங்கே உட்காரலாம், எந்த வாசல் வழியாக விரைந்து வெளியே வரலாம் என்ற மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். அவற்றுக்கு விடை சொல்ல வேண்டியது அந்த அலுவலகத்தின் கடமை.